பெர்கமா ராஜா தம்பி காதில் சொன்னது

ஏங்க,

வெட்கத்தை விட்டு முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். இந்த வருஷத்து முதல் மழையன்று நான் ஒரு பூனைக்கு டீ போட்டேன்.

எழுதத் தாள் தேடி இன்று உங்கள் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். உள்ளேயிருந்து நம் கூரைத் தோலின் வாடை வந்தது. சுண்ணாம்பும் ஆடும் சேர்ந்த வாடை, உங்களுக்குத் தெரியாததா. மூக்கில் ஏறியதுமே அந்த மழை நாளும் பூனையும் நினைவுக்கு வந்துவிட்டன.

ஒரு பாட்டம் பெய்து ஓய்ந்திருந்தது. கூரை ஓட்டையில் நீங்கள் வைக்கச் சொன்ன ஆட்டுத்தோல் நனைந்து வாடை அறைக்குள் இறங்கியது. நான் தரையில் உட்கார்ந்து முறுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். தகரத்தின் மேல் யாரோ நடக்கிற சத்தம் கேட்டது. பைய, நிதானமாக, ஓட்டை எங்கே இருக்கிறது என்று தெரிந்த நடை. தகரம் முடிந்து தோல் ஆரம்பிக்கிற இடத்தில் நின்றது.

"வந்துட்டியளா?" என்று கேட்டுவிட்டேன்.

கேட்டதோடு விட்டிருக்கலாம். எழுந்து கையைக் கழுவி, ஸ்டவ்வைப் பற்றவைத்து, சீனியை உங்கள் அளவுக்கு அள்ளிப் போட்டு, தம்ளரைத் தோலுக்கு நேர்கீழே வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தேன். வெயில் வந்திருந்தது. தோலின் மஞ்சள் வெளிச்சத்தில் நாலு பாதங்களின் நிழலும் ஒரு வாலும் தெரிந்தன.

கடிதம் என்றால் முதலில் சுகம் விசாரிக்க வேண்டும். உங்களிடம் அதை எப்படி விசாரிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் பூனையில் ஆரம்பித்தேன்.

தாராவியில் எத்தனையோ விதமான கூரை உண்டு. ஓடு, தகரம், தார்ப்பாய், பழைய சினிமா போர்டு. ஆட்டுத்தோல் வைத்த கூரை நம் அறைக்கு மட்டும்தான். புதிதாகக் குடிவருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்பார்கள். "அது பெர்கமா ராஜா போட்டது" என்பேன். இவளுக்கு எப்போதும் விளையாட்டுத்தான் என்று போய்விடுவார்கள். ஒரு தடவைகூட நான் பொய் சொன்னதில்லை.

பெர்கமாவை நீங்கள் கொண்டுவந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கப்பலில் கலாசி வேலை. கயிறு இழுப்பதும் தளம் கழுவுவதும். மற்றவர்கள் துறைமுகத்துக்குத் துறைமுகம் வாங்கிய சென்ட், சீட்டித்துணி என்று இறங்குவார்கள். நீங்கள் ஒரு ராஜ்யத்தைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். இஸ்மிர் என்ற ஊரில் சரக்கு ஏற்றத் தாமதமாகி, கப்பல் சமையல்காரரான கோவாக்காரரோடு லாரியில் ஏறிப் போனீர்களாம். அங்கே பெர்கமா என்று ஒரு குன்று, குன்று நிறைய இடிந்த கல். கல்லுக்குப் பக்கத்தில் டீக்கடை. கடைக்காரர் பகல் முழுக்கக் கதை சொல்ல, கோவாக்காரர் அதை ஹிந்தியில் உங்களுக்குச் சொல்ல, நீங்கள் நம் வாசலில் உட்கார்ந்து எனக்கும் உங்கள் தம்பி சுடலைக்கும் சொன்னீர்கள். அதில் கடைக்காரர் சொன்னது எவ்வளவு, கோவாக்காரர் சேர்த்தது எவ்வளவு, நீங்கள் அளந்தது எவ்வளவு என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

"கிரேக்க ராஜ்யம்தான். ஆனா ரொம்பச் சின்னது," என்றீர்கள். "சுத்தி எல்லாம் பெரிய பெரிய ராஜா. இந்தப் பக்கம் மாஹிம், அந்தப் பக்கம் சயான், நடுவுல நாம இருக்கம்லா? அதே மாதிரி."

அந்த ராஜ்யம் தொடங்கிய விதம் எனக்குப் பிடித்தது. குன்றின்மேல் ஒரு கோட்டை. கோட்டைக்குள் வேறொரு பெரிய ராஜாவின் பொக்கிஷம். அதற்குக் காவலாக ஒரு ஆள். பெரிய ராஜாக்கள் ஒருத்தரோடொருத்தர் அடித்துக்கொண்டு செத்தார்கள். காவல்காரன் பொக்கிஷத்தோடு குன்றில் அப்படியே உட்கார்ந்துகொண்டான்.

"நம்ம சேட் கடை வாட்ச்மேன் மாதிரியா?" என்று கேட்டேன்.

"அதே மாதிரித்தான். இவன் தூங்கல, அவ்வளவுதான் வித்தியாசம்."

அந்த ஆளுக்குப் பிள்ளை இல்லை, பிள்ளை பிறக்கவும் வழியில்லை, சகோதரன் மகனை எடுத்து வளர்த்து ராஜ்யத்தைக் கொடுத்தான் என்று சொல்லும்போது உங்கள் குரல் கூடியது. அடுத்த வாசலில் உங்கள் அத்தை உட்கார்ந்திருந்தார். என் வயிற்றைப் பற்றி வாரம் ஒரு தடவை பேசுகிறவர். அன்றைக்கு அவருக்கும் சேர்த்துத்தான் சொன்னீர்கள். அத்தை முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்தக் காவல்காரனுக்கு நான் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

அப்புறம் வந்த ராஜா ஒருவர். வடக்கேயிருந்து முரட்டுக் கூட்டம் ஒன்று ஊர் ஊராக வந்து ஹப்தா என்று மாமூல் பணம் வாங்கிக்கொண்டிருந்தது. எல்லா ஊரும் கொடுத்தது. இந்த ராஜா கொடுக்கமாட்டேன் என்றார். சிப்பாய்களுக்கோ நடுக்கம். ராஜா சாமிக்குப் பலி கொடுத்தார். அதற்கு முன்னால் 'ராஜாவுக்கே ஜெயம்' என்று தன் உள்ளங்கையில் மையால் இடவலம் திருப்பி எழுதிக்கொண்டார். பலியின் ஈரலைக் கையில் வாங்கி அழுத்தித் திருப்பிக் காட்டினால், எழுத்து நேராக நிற்கிறது. சாமியே எழுதிவிட்டது என்று சிப்பாய்கள் பாய்ந்து அடித்து ஜெயித்துவிட்டார்கள்.

சுடலை தோல்ஷாப்பில் வேலை பார்க்கிறவர். ஆட்டின் உள்ளும் புறமும் அவருக்கு அத்துப்படி. "ஈரல்ல மை ஒட்டாதே அண்ணே," என்றார். நீங்கள் விடவில்லை. மறுநாள் ஈரல் வந்தது, மை வந்தது. உங்கள் உள்ளங்கையில் ராஜாவுக்குப் பதில் என் பெயரை எழுதிக்கொண்டீர்கள். எழுத்து ஒட்டவில்லை. ஈரல்தான் கறுத்தது. அதையும் மிளகு போட்டு வறுத்துத் தின்றோம். மூன்று பேருக்கும் நாக்கு நீலம்.

பிறகு தோல் கதை. அந்த ஊரில் பெரிய புத்தகசாலை கட்டினார்களாம். எகிப்து ராஜாவுக்குப் பொறாமை. எழுதுகிற நாணல் தாளை அனுப்பமாட்டேன் என்று நிறுத்திவிட்டார். இவர்கள் ஆட்டுத்தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போட்டு, மயிரைச் சுரண்டி, சட்டத்தில் இழுத்துக் கட்டி, காயவைத்து எழுதினார்கள். அதைக் கேட்ட அன்று சுடலை நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்க்க வேண்டுமே. "அப்ப நம்ம தொழிலுதானா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

இதெல்லாம் ஒரு லீவில் நீங்கள் சொன்னது. மிச்சக் கதையை, செத்துத் திரும்பி வந்தபிறகுதான் சொன்னீர்கள்.

தந்தி வந்த அன்று நான் கிங்ஸ் சர்க்கிளில் கடைக்கு முறுக்கு போட்டுவிட்டு நடந்து வந்துகொண்டிருந்தேன். சந்து முனையில் அத்தை மாரில் அடித்துக்கொண்டு நின்றார். கப்பல் மூழ்கிவிட்டது. நீங்கள் அதற்கு முந்தின துறைமுகத்திலேயே மஞ்சள்காமாலையோடு இறங்கி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தது கம்பெனிக்குத் தெரியவில்லை. நமக்கு எப்படித் தெரியும்? பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. என் தாலியைக் கழற்றினார்கள். உங்கள் போட்டோவுக்கு மாலை போட்டேன். போட்டோவில் நீங்கள் சிரித்தபடி இருந்தீர்கள். அது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது.

சில மாதம் போனதும் பேச்சு ஆரம்பித்தது. நம் ஆட்களில் அறுத்துக் கட்டுவது உண்டு. புருஷன் போனவளை இன்னொருத்தர் தாலி கட்டிக் கூட்டிக்கொள்வதை யாரும் குறைசொல்வதில்லை. "சின்னவன் இருக்கான். வெளிய எதுக்குப் பாக்கணும்?" என்றார் அத்தை. சுடலை சுண்ணாம்பில் வெந்த தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு, "பெரியவங்க சொன்னா சரி" என்றார். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. மாட்டுங்காவில் அரக்குச் சேலை எடுத்து வந்து என் மடியில் வைத்தார்கள்.

அந்தச் சேலை கொடியில் தொங்குகிற பகலில்தான் நீங்கள் வந்து சேர்ந்தீர்கள். குழாயடியில் ஒருத்தி அலறினாள். குடங்கள் உருண்டன. நான் எட்டிப் பார்த்தால் மஞ்சளாக, எலும்பாக, கையில் ஒரு மூட்டையோடு சந்தில் நிற்கிறீர்கள். ஓடி வரத்தான் நினைத்தேன்.

அத்தை கையை விரித்து வாசலை மறித்துக்கொண்டார். "நில்லுலே! கருமாதி முடிஞ்சவன் வாசல்படி ஏறப்படாது!"

"அத்தை, நான் சாவலை."

"அது எனக்குத் தெரியுது. வாசலுக்குத் தெரியாதுல்லா?"

எங்கே போய்த் தேடினாலும் இப்படி ஒரு பதில் கிடைக்காது. நீங்களும் சளைக்கவில்லை. "பெர்கமாவ பின்னால ரோமாபுரிக்காரன் எடுத்துக்கிட்டான். அவன் வழக்கப்படி, செத்தான்னு சேதி வந்தவன் திரும்பி வந்தா வாசல்ல நுழைய மாட்டான். கூரை வழியா இறங்குவான். செஞ்சுருவமா அத்தை?" என்றீர்கள். அத்தை யோசித்துவிட்டு, "அது தோசமில்ல" என்றார்.

தண்ணீர் டிரம்மில் கால் வைத்து ஏறினீர்கள். நான் உள்ளே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தகரம் துருப்பிடித்தது என்று கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் இறங்கிவிட்டீர்கள், தகரத்தோடு. சலித்த அரிசி மாவைக் கீழே வேட்டியில் விரித்திருந்தேன். அதன் நடுவில் விழுந்து, தலை முதல் கால் வரை வெள்ளையாக எழுந்து உட்கார்ந்து, சுற்றியிருந்த எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தீர்கள். அத்தை சாமி என்று கும்பிட்டுவிட்டார்.

பிறகு உங்கள் கண் கொடியில் நின்றது. "யாருக்குக் கல்யாணம்?"

சுடலை ஓடிவந்து உங்கள் காலில் விழுந்தார். அவரைத் தூக்கி, கட்டிப் பிடித்து, காதில் என்னவோ சொன்னீர்கள். சுடலை முகம் சிவந்துபோனது. அன்று முழுவதும் நீங்கள் போகிற இடமெல்லாம் உங்கள் முதுகை ஒட்டியே நடந்தார். குழாயடி வரைக்கும்கூட. "ராமனும் லட்சுமணனும்" என்று அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சாயங்காலம் சுடலை தோல்ஷாப்புக்குப் போனதும் நான் கேட்டேன். நீங்கள் தலையிலிருந்து மாவைத் தட்டிக்கொண்டே மிச்சக் கதையைச் சொன்னீர்கள்.

"கேளுட்டி. அந்தப் புத்தகசாலை ராஜா, சாமி கும்பிடப் போனாரு. மலைப்பாதை. மேல ஒளிஞ்சிருந்தவனுவ பாறைய உருட்டி விட்டுட்டானுவ. தலையில அடி. செத்துட்டாருன்னு ஊருக்குச் சேதி வந்துட்டு."

"நம்ம தந்தி மாதிரி."

"தம்பி கிரீடத்தை எடுத்து வச்சுக்கிட்டான். ராணியையும் கட்டிக்கிட்டான். ஆனா ராஜா சாவல. ஒரு தீவுல கெடந்து தேறி, திரும்பி வந்து நிக்காரு."

"வாசல் வழியாவா, கூரை வழியாவா?"

"குறுக்க பேசாத. தம்பி கிரீடத்தைக் கழட்டிட்டு, காவக்காரன் மாதிரி ஈட்டியத் தூக்கிட்டு எதிர்ல வாரான். தலை போவப் போவுதுன்னு எல்லாரும் பாத்துட்டு நிக்காவ. ராஜா அவனைக் கட்டிப் பிடிச்சாரு. காதுல மட்டும் ஒண்ணு சொன்னாரு. அதத்தான் இன்னிக்கு நானும் சுடலை காதுல சொன்னேன்."

"என்னது?"

"அடுத்த தடவ நான் செத்தத கண்ணால பாத்துட்டுக் கல்யாணத்துக்கு அவசரப்படுலேன்னு."

அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் விக்கல் எடுத்தது. நீங்கள் முதுகைத் தட்டினீர்கள். அதற்கப்புறம் அந்த ராஜா தம்பியை ஒரு சொல் கடிந்ததில்லையாம். நிஜமாகவே சாகும்போது ராஜ்யத்தையும் ராணியையும் அந்தத் தம்பியிடமே விட்டுவிட்டுப் போனாராம். தம்பியும் அண்ணன் மகனை வளர்த்து அவனிடமே கிரீடத்தைக் கொடுத்தானாம். அந்த மகன் ஒருநாள் உயில் எழுதி முழு ராஜ்யத்தையும் ரோமாபுரிக்குக் கொடுத்துவிட்டான். அதோடு பெர்கமா முடிந்தது. இந்தக் கடைசிப் பகுதியை நீங்கள் கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னீர்கள். நானும் அவ்வளவாகக் கேட்கவில்லை. பிற்பாடுதான் அதை ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓட்டைக்குத் தகரம் வேண்டாம் என்றவர் நீங்கள். பெர்கமா தோல்தான் போட வேண்டும். சுடலை தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தார். "அண்ணே, பதனிடாத தோலு மழைக்கு நிக்காது. எழுதலாம், கூரை போட முடியாது." நீங்கள் கேட்கவில்லை. கடைசியில் சுடலையே எண்ணெய் தடவி, இழுத்துக் கட்டி, சட்டத்தோடு தூக்கி வைத்தார். மழைக்கு ஒழுகியது, நாறியது. ஆனால் வெயில் நாளில் அறைக்குள் ஒரு மஞ்சள் வெளிச்சம் வரும். காக்கை வந்து உட்கார்ந்தால் நகம் வரைக்கும் நிழல் தெரியும்.

இரண்டாம் தடவை தந்தி வரவில்லை. ஆளே வந்தார். உங்களோடு வேலை பார்த்தவர், டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு. பெரிய அலை தளத்தின்மேல் ஏறி இறங்கியதாம். இறங்கியபின் எண்ணினால் நீங்கள் இல்லையாம். அவர் அழுதார். நான் அழவில்லை.

"கண்ணால பாத்தியளா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. இருட்டு."

"அப்ப சரி," என்று சொல்லி அவருக்கு டீ போடப் போனேன்.

காரியம் செய்ய விடவில்லை. நீங்கள் திரும்பி வந்து மறுபடி கட்டிய தாலியைக் கழற்றவில்லை. போன தடவை அவசரப்பட்டு அசடு வழிந்தது போதாதா? அத்தை இரண்டு வருஷம் சத்தம் போட்டுப் பார்த்துவிட்டு ஓய்ந்துவிட்டார். சந்தில் எல்லோரிடமும் வழக்கம்போலக் கேலி பேசிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் கூரையில் ஒரு சத்தம் வந்தால் பேச்சு பாதியில் நின்றுவிடும். எலி ஓடினாலும் வாங்க என்று வாய் முணுமுணுக்கும். விளக்கைத் தோலுக்குக் கீழேதான் வைப்பேன். வெளியே நின்று பார்த்தால் கூரையில் ஒரு மஞ்சள் சதுரம் தெரியும். தூரத்திலிருந்து வருகிறவர் வழி தப்பாமல் இருக்கட்டும் என்றுதான். யுத்தம் நடந்தபோது, விமானத்துக்குத் தெரியாமல் ஊர் முழுக்க விளக்கை மறைக்கச் சொன்னார்கள். காவல் பார்க்க வந்த பையன்கள், "உப்பர் கி பத்தி பந்த் கரோ!" என்று கத்தினார்கள். அணைத்துவிட்டேன். ஆகாயத்தில் வருகிறவனுக்குத் தெரியக்கூடாது சரி, கடலில் வருகிறவருக்குமா தெரியக்கூடாது என்று அந்த நாட்களில் இருட்டில் உட்கார்ந்து உங்களோடு சண்டை போட்டேன்.

ஒவ்வொரு வருஷமும் மழைக்கு முன்னால் சுடலை புதுத் தோல் கொண்டுவந்து மாற்றுவார். ஒருநாளும் தகரம் என்று வாய் திறந்ததில்லை. அரிசி வாங்கி வைப்பார், தண்ணீர் தூக்கி வைப்பார், வாசலோரம் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, தான் படுக்கிற தோல்ஷாப்புக்கே போய்விடுவார். வேறு பெண் பார்க்கவில்லை. தோலுக்குக் கீழே மட்டும் ஒரு நாளும் உட்காரமாட்டார். நான் ஏதாவது கேலி பேசினால் சிரிப்பதற்கு முன்னால் மேலே ஒரு தடவை பார்த்துக்கொள்வார். அதைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன், அவர் காதில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்களே, மனிதர் எப்படி மறப்பார் என்று. நீங்கள் விளையாட்டாகச் சொன்னது. ஆனால் சொன்னவர் போய்விட்டால் விளையாட்டை வாபஸ் வாங்க யாரும் இல்லை.

இந்த வருஷம் அவர் தோல் கொண்டுவரவில்லை. தலையில் ஒரு பத்ரா. புதுத் தகரம், பளபளவென்று. வாசலில் நின்றார்.

"மதினி, இந்த வருசம் பத்ரா போட்டுரலாமா?"

அவர் கேட்டது கூரையை இல்லை என்று எனக்குத் தெரியும். "என்னவே கொழுந்தனாரே, ஆடெல்லாம் தீந்துபோச்சா?" என்றேன்.

"ஆடு தீரல. எனக்கு வயசு தீருது."

தகரத்தைச் சுவரில் சாத்திவிட்டுப் போனார். பழைய தோல் கூரையிலேயே இருந்தது. அதற்குப் பிறகுதான் மழை, பூனை, டீ.

டீத் தம்ளரை எடுத்து ஒளிப்பதற்குள் சுடலை சாப்பாட்டுக்கு வந்துவிட்டார்.

"யாருக்கு மதினி?"

"உம்ம அண்ணனுக்கு."

அவர் மேலே பார்த்தார். பூனை இன்னும் அங்கேதான் படுத்திருந்தது, நிழலில் வாலை ஆட்டிக்கொண்டு. ரொம்ப நேரம் பார்த்தார். "அண்ணன் மெலிஞ்சிட்டாவ," என்றார்.

சுடலை வாயிலிருந்து கேலி! எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். அவர் உள்ளே வந்து, தோலுக்குக் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்த டீயை எடுத்துக் குடித்தார். "இவ்வளவு சீனியா போட்டுக் குடுத்திய அவியளுக்கு?"

இனிமேல் கேட்காமல் எப்போது கேட்பது? "அன்னைக்கு உம்ம காதுல சொன்னாவளே, அத நெனச்சுத்தான இத்தன வருசம் இங்ஙன உக்காரல?"

"காதுலயா? எப்ப?"

"கூரையிலருந்து விழுந்த அன்னிக்கு. கட்டிப் பிடிச்சுக்கிட்டு."

யோசித்தார். காது வரைக்கும் சிவந்துபோனார், அன்றைக்குப் போலவே. "அத எப்படி மதினி உங்ககிட்ட சொல்ல?"

"சொல்லும்."

"'ஏலே, விழுந்ததுல என் கால்சட்டை பின்னால முழுசா கிழிஞ்சு போச்சு. யாரும் பாக்காம என் முதுகை ஒட்டியே நடந்து வா'ன்னு சொன்னாவ."

நான் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டேன். சந்தில் நான் எத்தனை பேரைக் கேலி செய்திருப்பேன், என்னை இப்படி ஒருத்தர் கவிழ்த்ததில்லை. ராமனும் லட்சுமணனுமாம்.

"அப்ப ஏன் இங்ஙன உக்காரல?"

"நீங்க எப்பப் பாத்தாலும் மேலயே பாத்துக்கிட்டு இருந்திய. நான் நடுவுல உக்காந்தா மறைக்குமேன்னு."

அன்றிலிருந்து ஒரு யோசனை என்னை விடவில்லை. அந்த ராஜா தம்பி காதுக்குள் சொன்னதைக் கேட்டது யார்? தம்பி சொல்லியிருக்க மாட்டான். பக்கத்தில் நின்றவனுக்குக் கேட்டிருக்காது. ராஜா ராணியிடம் போய் அளந்திருப்பார், அது புத்தகசாலையில் ஏறியிருக்கும். உண்மையில் அந்த ராஜாவுக்கும் எங்கே கிழிந்திருந்ததோ.

ஆனால் ஒன்று. சுடலை காதில் சொல்லாததை என்னிடம் ஏன் சொன்னீர்கள்? சிரிக்கத்தானா? இல்லை, 'கண்ணால் பார்' என்றது எனக்கா? வாசலைப் பார்த்தும் கூரையைப் பார்த்தும் கேட்டாகிவிட்டது. இனி நீங்கள் சொல்லப்போவதில்லை. அந்தக் கேள்வியை நான்தான் வைத்துக்கொள்ள வேண்டும். கனம் ஒன்றும் இல்லை. வெறுங்கையாக இருக்கும்போது மட்டும் தெரிகிறது.

மாஹிம் கடற்கரையில் உங்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தோம். தாலியை நானே கழற்றி, உங்கள் பெட்டியில் வைத்தேன். காக்கை வர நேரமானது. உங்களுக்கு எதிலும் தாமதம்தான். எனக்கும் சுடலைக்கும் ஆவணியில் நாள் குறித்தார் அத்தை. கட்டிக்கொண்டவர் பெயரைச் சொல்லக்கூடாதாம். அதனால் இதில் நான் சுடலை, சுடலை என்று ஆசைதீர எழுதியதோடு சரி. சீனி மட்டும் கை பழக்கத்தில் இன்னும் உங்கள் அளவுக்கே விழுகிறது. அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிக்கிறார்.

தகரத்தை முன்னாடியே போடச் சொன்னேன். "கட்டுனதுக்கப்புறம் போடுவோம். அண்ணன் வாரதா இருந்தா அன்னிக்கு வரட்டும்," என்றார். ஒரு மழைக்காலம் முழுக்க நனைந்து நைந்த பழைய தோல் அப்படியே இருந்தது.

கல்யாணத்தன்று அறைக்குள் பத்துப் பேர். தோலுக்குக் கீழே மட்டும் யாரும் உட்காரவில்லை. அந்த இடம் காலியாக இருந்ததால் மறுநாள் முறுக்குக்கான மாவை அண்டாவோடு அங்கே வைத்திருந்தேன். அதே அரக்குச் சேலை கட்டியிருந்தேன். அவர் தாலியைக் கையில் எடுத்தபோது தகரத்தின் மேல் நடக்கிற சத்தம் கேட்டது. பைய, நிதானமாக. அவர் கை நின்றது. எல்லோரும் மேலே பார்த்தோம். தோல் கிழிந்து பூனை மாவுக்குள் விழுந்தது. தலை முதல் வால் வரை வெள்ளையாக எழுந்து உட்கார்ந்து எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தது. அத்தை எழுந்து நின்று கும்பிட்டார். கொஞ்ச நேரம் காத்திருந்தோம். வேறு யாரும் வரவில்லை. அவர் தாலியைக் கட்டினார்.

மாவு முழுக்க வீண். முறுக்கு இல்லை, மழை என்று கிங்ஸ் சர்க்கிள் கடைக்குச் சொல்லி அனுப்பினோம். அன்றைக்கு மழை இல்லை.